தவிட்டுக்குப் போன பிள்ளை

போன வாரம் என் மகள் கடையிலிருந்து ஒரு பாக்கெட் தவிடு வாங்கி வந்தாள். ஜிப் வைத்த பளபளப்பான பாக்கெட். மேலே ஒரு பெண் ஓடுவது போலப் படம். காலையில் ஒரு ஸ்பூன் வெந்நீரில் கலந்து குடித்தால் சர்க்கரை இறங்குமாம், கொழுப்பு கரையுமாம், இன்னும் என்னென்னமோ ஆகுமாம். "டாக்டரே சொல்லியிருக்காரும்மா, மூஞ்சியச் சுளிக்காம குடி" என்றாள். நான் சுளிக்கவே இல்லை. பாக்கெட்டைப் பிரித்து மூக்கருகே கொண்டுபோனதும், திண்டிவனத்தில் எங்கள் தெருக்கோடியில் இருந்த அரிசி மில் அப்படியே சமையலறைக்குள் வந்து நின்றுவிட்டது. பிறகு பாக்கெட்டின் விலையைப் பார்த்தேன். பரவாயில்லை, எனக்கும் மவுசு ஏறித்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஏனென்றால் என்னைத் தவிட்டுக்குத்தான் விற்றார்கள்.

சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டிலும் யாரையாவது அப்படிச் சொல்லி அழவைத்திருப்பீர்கள். "நீ எங்க வூட்டுப் புள்ளையே இல்ல, உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று அண்ணன்காரன் சொல்வதும், சின்னது ஓவென்று அழுவதும், அம்மா வந்து அண்ணனை ஒரு அடி வைப்பதும் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். எங்கள் தெருவில் என்னை மட்டும் யாரும் அப்படிக் கேலி செய்ததில்லை. உள்ளதைச் சொல்வதில் என்ன கேலி இருக்கிறது? விற்றதைத் தெருவே நின்று பார்த்திருந்தது.

எனக்கு முன்னால் அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள். ஒரு அண்ணன், ஒரு அக்கா. இரண்டு பேருமே நன்றாக நடக்கப் பழகுவதற்குள் காய்ச்சலில் போய்விட்டார்கள். அம்மா அவர்களைப் பற்றி அதிகம் பேசியதில்லை. ஒன்றை மட்டும் சொல்லியிருக்கிறாள். இரண்டாவது குழந்தை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "என் புள்ள, என் புள்ள" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி கதறினாளாம். அந்தக் கதறல்தான் எமனுக்கு அடையாளம் காட்டிக் கொடுத்துவிட்டது என்பது அவள் முடிவு. எமனுக்குக் கண் மங்கல், காது மட்டும் ரொம்பக் கூர்மை என்று அவளாகவே ஒரு சித்தாந்தம் வைத்திருந்தாள். எங்கே படித்தாள் என்று தெரியாது. ஐந்தாம் வகுப்புக்கு மேல் அவள் படிக்கவும் இல்லை.

அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். கறுப்புச் சட்டைக்காரர். சாமியும் கிடையாது, பூதமும் கிடையாது. "ஏம்மே, ஊரு முழுக்கப் புள்ளைங்க கத்திக்கினு கெடக்குது. உன் சத்தம் மட்டும் அவன் காதுல வுழுந்துதா? இன்னா, அவன் ரேடியோ வச்சிக்கினு ஒக்காந்துக்கினு இருக்கானா?" என்று கேட்பார். நான் பிறந்தபோது அம்மா யாரிடமும் யோசனை கேட்கவில்லை. பச்சை உடம்போடு என்னைத் தூக்கிக்கொண்டு போய் மில்லுக்குப் பக்கத்துக் குப்பைமேட்டில் போட்டாள். பேசி வைத்தபடி கஸ்தூரி வந்து எடுத்தாள். எடுத்தவள் ஒரு முறம் தவிட்டை அம்மா கையில் கொடுத்தாள். வியாபாரம் முடிந்தது.

கஸ்தூரியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். மில்லில் அரிசி புடைக்கிறவள். புருவத்திலும் கண்ணிமையிலும் எந்நேரமும் தவிடு படிந்திருக்கும், கிட்டே வந்தால் தும்மல் வரும். அவளுக்கு ஒரு வீடு நிறையப் பிள்ளைகள், ஒவ்வொன்றும் கல்லுப் போல. தலைவலி என்று ஒரு நாள் படுத்ததில்லை. அந்த வீட்டுக் கூச்சலுக்குப் பயந்தே எமன் தெருமுனையில் திரும்பிப் போய்விடுவான் என்று அம்மா கணக்குப் போட்டிருந்தாள். அவனுக்குத்தான் காது கூர்மையாயிற்றே. நல்ல இடமாகப் பார்த்துத்தான் என்னைத் தள்ளிவிட்டிருக்கிறாள். கொண்டு வந்த தவிட்டைப் பக்கத்து வீட்டு எருமை ஒரே வேளையில் தின்றுவிட்டதாம். அப்பா அதை ரொம்ப நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

விற்றதோடு விஷயம் முடியவில்லை. கஸ்தூரி உடனே என்னை அம்மாவிடமே திருப்பிக் கொடுத்து, "என் புள்ளைய நல்லா வளத்துக் குடு வள்ளி" என்று சொல்லிவிட்டுப் புடைக்கப் போய்விட்டாள். அதாவது, பிள்ளை அவளுடையது. அம்மா வெறும் வளர்ப்புக்காரி. முதல் பல் விழும் வரைக்கும் இப்படித்தான். பல் விழுந்த பிறகு, அம்மா பிறந்த ஊரான பனமலையில், மலைமேல் இருக்கிற சிவன் கோயிலில் வைத்து என்னைத் திருப்பி வாங்கிக்கொள்வதாக வேண்டுதல். எமனையே காலால் உதைத்தவர் சிவன். அவர் கோயில் படியில் வைத்து வாங்கினால் பிறகு யாரும் கேட்க முடியாது என்று அவள் நம்பினாள்.

அதுவரைக்கும் சில சட்டதிட்டங்கள் இருந்தன. அம்மா வாயிலிருந்து "என் பொண்ணு" என்ற பேச்சே வரக் கூடாது. நான் அவளை அம்மா என்று கூப்பிடக் கூடாது. அக்கா. கஸ்தூரிதான் அம்மா. அப்பாவை அப்பா என்றே கூப்பிடலாம், எமன் அவரைப் பெரிதாகக் கண்டுகொள்ள மாட்டான் என்று அம்மா விட்டுவிட்டாள். சாமி இல்லை என்கிற மனுஷனுக்கும் இதில் கொஞ்சம் வருத்தம்தான். இங்கே உங்களுக்குக் குழப்பம் வேண்டாம் என்று அம்மாவை அம்மா என்றே எழுதிக்கொண்டு போகிறேன். எழுதும்போது கை லேசாகத் தயங்குகிறது.

துணியும் கஸ்தூரி வீட்டுத் துணிதான். அவளுடைய இரண்டாவது பெண் போட்டுக் கிழித்த கவுன், தோளிலிருந்து வழிந்துகொண்டே இருக்கும். கன்னத்தில் ஒரு கரிப் பொட்டு. யாராவது "புள்ள லட்சணமா இருக்கே" என்றால் அம்மா பதறிப்போய், "அய்ய, மூக்கு சப்பைங்க" என்பாள். நான் அப்போது அதை நம்பினேன். இன்றைக்கும் கண்ணாடி பார்க்கும்போது மூக்கில்தான் முதலில் கண் போகிறது.

கஸ்தூரியோ தன் சொத்தை விட்டுக்கொடுக்கிறவள் இல்லை. மில்லிலிருந்து திரும்பும்போது வாசலில் நின்று விசாரணை நடக்கும். "இன்னா வள்ளி, என் புள்ள எளைச்சிப் போயிருக்கு? சோறு போடுறியா, இல்ல நீயே துன்னுட்றியா?" அம்மா அடக்கமாக, "இன்னிக்குக் கேப்பைக் களி அக்கா, ரெண்டு உருண்டை துன்னுச்சி" என்று கணக்கு ஒப்பிப்பாள். ஒரு தடவை குழாயடியில் இரண்டு பேருக்கும் பெரிய சண்டை. வார்த்தை தடித்துப்போனதும் கஸ்தூரி குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "ரொம்பப் பேசின, நாளைக்கே என் புள்ளைய இட்டுக்கினு பூடுவேன்" என்றாள். அம்மா வாயை மூடியவள்தான். அதற்குப் பிறகு எந்தச் சண்டையிலும் கஸ்தூரிதான் ஜெயித்தாள்.

தவிட்டு வாசனை இப்படி என்றால், எனக்கு இன்னொரு வாசனை ரோஸ் நிற மிக்ஸ்சர். எங்கள் தெரு டாக்டர் எல்லாக் காய்ச்சலுக்கும் கொடுப்பது. அளவுக்காகப் பாட்டிலின் பக்கவாட்டில் பல் பல்லாக வெட்டிய காகிதம் ஒட்டியிருக்கும். எனக்கு ஐந்து வயது நடக்கும்போது ஒரு காய்ச்சல் வந்தது. பாட்டில் காலியாகி, இன்னொரு பாட்டிலும் காலியாகி, மூச்சு விடும்போது நெஞ்சில் பூனை கத்துகிறாற்போலச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. டாக்டர் குழாயைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, "விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடும்மா. இன்னிக்கே" என்றார். அப்பா அன்றைக்கென்று பார்த்து டயர், டியூப் எடுக்க மெட்ராஸ் போயிருந்தார். கஸ்தூரிக்கு மில்லில் லோடு ஏறுகிற நாள், விட மாட்டார்கள்.

அம்மா அதுவரை தனியாகப் பக்கத்து ஊர் மயிலத்தைத் தாண்டிப் போனதில்லை. ஆனாலும் கிளம்பினாள். பெரிய ஆஸ்பத்திரி, பெரிய டாக்டர், மரியாதையாகப் போக வேண்டும் என்று பெட்டியைத் திறந்து கல்யாணப் பட்டுப்புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். எனக்கு அதே கிழிந்த கவுன், கரிப் பொட்டு. கண்ணாடியில் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்திருந்தால் அவளுக்கே சந்தேகம் வந்திருக்கும். கண்ணாடி பார்க்க நேரமில்லை. பஸ் என்றால் நான் வாந்தி எடுப்பேன் என்று ரயிலுக்குப் போனோம்.

அந்த ரயிலில் எனக்கு நினைவிருப்பது முண்டியம்பாக்கத்தில் வந்த சர்க்கரை ஆலை வாசனை ஒன்றுதான். காய்ச்சலில் அது குமட்டியது. மற்றதெல்லாம் பாதி என் ஞாபகம், பாதி கஸ்தூரி சொன்னது. அவள் அந்த இடத்திலேயே இல்லை. ஆனாலும் நேரில் பார்த்தவர்களைவிட நன்றாகச் சொல்வாள்.

அந்தச் சமயத்தில் எங்கள் பக்கத்தில் ஒரு வதந்தி ஓடிக்கொண்டிருந்தது. எங்கேயோ பாலம் கட்டுகிறார்களாம். தூண் நிற்கவில்லையாம். தூணுக்குக் கீழே வைக்கப் பிள்ளை தேடுகிறார்களாம். எந்தப் பாலம், எந்த ஆறு என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லோருக்கும் ஒரு ஆள் தெரியும், அந்த ஆளின் சொந்தக்கார வீட்டில் ஒரு பிள்ளை காணாமல் போயிருக்கும். விழுப்புரம் ஜங்ஷனில் இறங்குகிறவர்கள் எல்லாம் பிள்ளைகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்கள்.

நாங்கள் இறங்கினோம். வெயிலும் கூட்டமும் பட்டதும் நான் அழ ஆரம்பித்தேன். அம்மா தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையை நனைத்து என் முகத்தைத் துடைத்தாள். பக்கத்தில் கொய்யாப்பழம் விற்கிற ஒரு அம்மாள், நல்லவிதமாகத்தான் கேட்டாள்.

"புள்ளைக்கு இன்னா எம்மா, ஜுரமா? உன் புள்ளையா?"

"இல்லீங்க."

"அப்ப யாரு புள்ள?"

"தெரிஞ்சவங்க புள்ளைங்க."

நான் சும்மா இருந்திருக்கலாம். அழுதுகொண்டே, "எனக்கு அம்மாகிட்டப் போவணும், வா அக்கா போலாம்" என்றேன். காய்ச்சலில் எனக்குக் கஸ்தூரி வீட்டுக் கூச்சல் வேண்டியிருந்தது போலிருக்கிறது. இதற்கு மேல் ஒரு கூட்டத்துக்கு என்ன சாட்சி வேண்டும்?

கொய்யாப்பழக்காரி கூடையை விட்டுவிட்டு எழுந்தாள். "யோவ், இங்க வாங்கய்யா. சீலையப் பாரு, புள்ளையப் பாரு. எவ வூட்டுப் புள்ளையோ இட்டுக்கினு போறா!" என்று கத்தினாள். ஒரு நொடியில் எங்களைச் சுற்றிக் கால்களாக நின்றன. "பாலத்துக்குத்தான்." "மயக்க மருந்து குடுத்திருக்கா, புள்ள கண்ணப் பாரு." "நாலு போடு, தானா சொல்லுவா." யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள். அம்மா என் இடுப்பை விடவில்லை. அவள் கன்னத்தில் ஒரு அறை விழுந்தது. கொண்டை அவிழ்ந்துபோய் முடி என் முகத்தில் வந்து மறைத்தது. அந்த முடிக்குள்ளிருந்து பார்த்தேன், அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"உன் புள்ளன்னா சொல்லு, வுட்டுட்றோம்" என்றார் சூட்கேஸ் வைத்திருந்த ஒருவர். அவர் நல்ல மனுஷர்தான்.

நினைத்துப் பாருங்கள். இரண்டே வார்த்தை. என் புள்ளதாங்க. சொல்லிவிட்டால் கூட்டம் கலைந்துவிடும், ரிக்ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். ஆனால் மடியில் பிள்ளை கொதிக்கிறது. எமன் வருகிற நேரம் என்று ஒன்று இருந்தால் அது அந்த நேரம்தான். அவன் அந்தக் கூட்டத்திலேயே எங்கேயோ காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறான் என்று அம்மா உறுதியாக நம்பினாள். முன்னே ஒரு தடவை கதறி, பிள்ளையைக் கொடுத்திருக்கிறாள். அறை வாங்கிய வாயைத் திறந்து அவள் சொன்னாள்: "என் புள்ள இல்லீங்க."

ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் தடியால் வழி விலக்கிக்கொண்டு வந்தார். பெரிய மீசை. ஷூ பாலீஷும் தேங்காயெண்ணெயும் கலந்த வாசனை. கொய்யாப்பழக்காரி தலைமையில் எல்லோரும் ஒரே நேரத்தில் அவரிடம் சொன்னார்கள். அவர் குனிந்து என்னைக் கேட்டார்.

"பாப்பா, இவங்க யாரு?"

"அக்கா."

"உங்கம்மா எங்க?"

"திண்டிவனத்துல. மில்லுல."

கூட்டம் ஓவென்றது. பெற்றவளுக்கு எதிராக இவ்வளவு சுத்தமாகச் சாட்சி சொன்ன பிள்ளை அந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். போலீஸ்காரர் நிமிர்ந்து, "எம்மா, கடைசியாக் கேக்குறேன். உன் புள்ளையா, இல்லையா?" என்றார்.

அம்மா என்னை அவர் பக்கம் நீட்டினாள். அதுவரை யார் இழுத்தும் விடாதவள், தானாகவே நீட்டினாள். "இல்லீங்க. என்னை எங்க வேணா வச்சிப் பூட்டுங்க. அடிக்கணும்னா அப்பறமா அடிங்க. மொதல்ல புள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. ஜல்தியாப் போங்க சார், மூச்சு வாங்குது."

போலீஸ்காரர் தடியை இடுப்பில் சொருகிக்கொண்டு என்னை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் முகம் எனக்கு ரொம்பக் கிட்டே வந்தது. அப்போதுதான் பார்த்தேன், மூக்கில் ஒரு பக்கம் சின்னக் குழி. மூக்குத்தி போடுகிற இடத்தில், தூர்ந்துபோன ஓட்டை. இவ்வளவு பெரிய மீசைக்கு மேல் மூக்குத்தி ஓட்டையா என்று எனக்கு ஆச்சரியம். காய்ச்சலில் மரியாதை எல்லாம் தெரியாது. அதில் விரலை வைத்து, "இங்க ஓட்டை" என்றேன்.

அவர் என் விரலை எடுத்துவிட்டார். அம்மாவைப் பார்த்தார். புடவை, அவிழ்ந்த முடி, என் கவுன், கரிப் பொட்டு, எல்லாவற்றையும் மறுபடியும் ஒரு தடவை பார்த்தார். பிறகு அவள் பக்கம் குனிந்து, வேறு யாருக்கும் கேட்காதபடி, "யாருக்கும்மா வித்த?" என்றார்.

அறை வாங்கியும் அழாத அம்மா அப்போதுதான் அழுதாள்.

அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "எல்லாரும் கேட்டுக்கங்க. இது இந்தம்மா புள்ள இல்ல. யாரு புள்ளன்னு எனக்குத் தெரியும். போங்க, போய் வேலையப் பாருங்க" என்று சத்தமாக, அந்த ஜங்ஷன் கூரைக்கே கேட்கும்படி சொன்னார். எமன் அங்கே நின்றிருந்தால் நிச்சயம் அவன் காதிலும் விழுந்திருக்கும். அதிகாரி வாயாலேயே சொல்லிவிட்ட பிறகு அவன்தான் என்ன செய்வான்? ரிக்ஷாவில் என்னை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்தார். அம்மா ஓரமாக ஒண்டிக்கொண்டு, "பனமலை அப்பா, பனமலை அப்பா" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். கொய்யாப்பழக்காரி ஓடி வந்து இரண்டு கொய்யாவை அவள் மடியில் போட்டுவிட்டுப் போனாளாம். மன்னிப்பா, வழிச்செலவா என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரி எல்லாம் ஒரே பினாயில் வாசனை. டாக்டரும் அதே கேள்வியைத்தான் கேட்டார், யாரம்மா பிள்ளைக்கு அம்மா என்று. போலீஸ்காரர் முந்திக்கொண்டு, "அம்மா வந்துகினு இருக்காங்க சார். இவங்க தொணைக்கு வந்தவங்க" என்றார். நெஞ்சில் சளி கட்டி நிமோனியா ஆகியிருந்ததாம். இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தால் சிரமம் என்றார் டாக்டர். ஊசி போட்டார்கள். எனக்கு அந்த ஊசி நன்றாக நினைவிருக்கிறது, அதைப் பற்றிப் பேசாமல் விடுகிறேன்.

போலீஸ்காரர் ஸ்டேஷனுக்குத் திரும்பிப் போய், திண்டிவனம் ஸ்டேஷனுக்குப் போன் போடச் சொல்லி, அங்கிருந்து யாரோ மில்லுக்கு ஓடியிருக்கிறார்கள். கஸ்தூரி முறத்தைப் போட்டுவிட்டு அப்படியே பஸ் ஏறிவிட்டாள். தலை, புருவம், முந்தானை எல்லாம் தவிடு. வார்டு வாசலில் நின்று, "என் புள்ள எங்க?" என்று அவள் போட்ட சத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்த நோயாளிகள் எல்லாம் எழுந்து உட்கார்ந்தார்கள். டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "பெத்தவளா நீ? புள்ளைய இந்த நெலமைக்கு வுட்டுட்டு, யாரோ ஒருத்திகிட்டக் குடுத்து அனுப்புவியா? அறிவிருக்கா?" என்று அவர் திட்டத் திட்ட, எங்கள் தெருவில் யாருக்கும் அடங்காத கஸ்தூரி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். "தப்புதாங்க, தப்புதாங்க" என்றாள். பின்னால் நின்ற அம்மாவை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லையாம்.

அந்தத் திட்டைக் கஸ்தூரி சாகும்வரை மறக்கவில்லை. "பெத்தது இவ, திட்டு வாங்குனது நானு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்து அவள் அதிகம் பெருமைப்பட்டதும் அதற்குத்தான்.

போலீஸ்காரர் அடுத்த நாளும் வந்தார். கையில் ஒரு பொட்டலம் வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. எனக்கு ஆகாது என்று நர்ஸ் பிடுங்கிக்கொண்டாள். அவர் வீட்டிலும் முன்னால் பிறந்தவர்கள் தங்கவில்லையாம். இவர் பிறந்ததும் இவருடைய அம்மா மூக்கைக் குத்தி, பொட்டப் பிள்ளை என்று ஊருக்குச் சொல்லி, பள்ளிக்கூடம் சேர்க்கும்வரை ஜடை பின்னிப் பூ வைத்து வளர்த்தாளாம். "டிரெய்னிங்ல இந்த மூக்க வச்சிக்கினு நான் பட்ட பேஜாரு இருக்கே" என்று சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். அடிபட்ட கன்னம் வீங்கியிருந்ததால் ஒரு பக்கமாகத்தான் சிரிக்க முடிந்தது.

மெட்ராஸிலிருந்து திரும்பிய அப்பாவிடம் ரயில் கதவு இடித்துவிட்டது என்று அம்மா சொன்னாள். கஸ்தூரி இருக்கும்போது அது எத்தனை நேரம் தாங்கும்? விஷயம் தெரிந்ததும் அப்பா கத்தினார். "எம்மே, நம்ம புள்ளன்னு ஒரு வார்த்த சொல்லித் தொலைச்சிருந்தா இன்னா கெட்டுப் போச்சி? அடிச்சே கொன்னிருந்தாங்கன்னா?" அம்மா ஓடிவந்து அவர் வாயைப் பொத்தினாள். அதற்குப் பிறகு கடைக்கு வருகிறவர்கள் யாராவது, "பொண்ணுக்கு ஒடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டால், பம்பு அடித்துக்கொண்டே, "யாரு, கஸ்தூரி புள்ளையா? இப்ப தேவலாம்" என்று பதில் சொல்வார். கறுப்புச் சட்டையைக் கழற்றவில்லை. சாமி கும்பிடவும் இல்லை. ஆனால் அந்தப் பொய்யை மட்டும் அம்மாவைவிட நன்றாகச் சொன்னார்.

ஒரு வழியாக எனக்குப் பல் விழுந்தது. எல்லோரும் பனமலைக்குப் போனோம். மலையேறி, ஏரிக்காற்று வீசுகிற அந்தப் படியில் அம்மா ஒரு முறம் தவிட்டை நீட்டினாள். கஸ்தூரி லேசில் வாங்கவில்லை. கையில் அள்ளிப் பார்த்து, "இதுல உமி கலந்திருக்கே வள்ளி, நான் குடுத்தது சுத்தமான தவிடு" என்றாள். அவள் மில்லிலிருந்து அவளே அளந்து கொடுத்த தவிடுதான் அது. பிறகு திடீரென்று என்னைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். தவிடெல்லாம் படியில் கொட்டிப்போனது.

அன்றிலிருந்து நான் அம்மா என்று கூப்பிடலாம். ஆனால் வாய் திரும்பவில்லை. பள்ளிக்கூடத்தில், காலேஜில், கல்யாணத்தில், எனக்குப் பிள்ளை பிறந்தபோதும் அவள் அக்காதான். பாதிப்பேர் எனக்கு ரொம்ப வயதான அக்கா ஒருத்தி இருப்பதாகவே நினைத்தார்கள்.

நான் படித்து, வேலைக்குப் போய், இதையெல்லாம் கதையாகச் சொல்லிச் சிரிக்கிற ஆளாகிவிட்டேன். சில வருஷங்களுக்கு முன்னால் அம்மாவுக்கு மூச்சுத் திணறல் வந்து, பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூக்கில் குழாய், பக்கத்தில் மிஷின். அவளுக்கும் நெஞ்சில் அதே பூனைச் சத்தம். ஒரு சின்ன நர்ஸ் வந்து, "இவங்க உங்களுக்கு என்ன வேணும் மேடம்? அம்மாவா?" என்று கேட்டாள்.

எனக்கே தெரியாமல் வாயில் வந்தது. "இல்லீங்க. எங்கம்மா இல்ல. தெரிஞ்ச அக்கா."

"அப்ப சொந்தக்காரங்க யாரையாவது வரச் சொல்லுங்க" என்று சலித்துக்கொண்டே அந்தப் பெண் போய்விட்டாள். நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் குழாய்க்குக் கீழே உதடு ஒரு பக்கமாகச் சிரித்தது. என் விரலைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். ஆஸ்பத்திரியிலிருந்து தன் காலாலேயே நடந்து வெளியே வந்தாள். மருந்தா, பொய்யா என்று நான் ஆராய்ச்சி செய்யவில்லை.

போன வருஷம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. யாரும் வந்து என்ன உறவு என்று கேட்கவில்லை. பொய் சொல்ல எனக்கு ஒரு சந்தர்ப்பமே கிடைக்கவில்லை.

இப்போது திண்டிவனத்தில் அந்த மில் இல்லை, கல்யாண மண்டபம் இருக்கிறது. கஸ்தூரி இல்லை. சைக்கிள் கடையும் அப்பாவும் இல்லை. என் மகளிடம், உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம் என்று சொன்னால் எந்த பிராண்ட் என்று கேட்பாள். எல்லாம் போகக்கூடியதுதான், போகட்டும். ஆனால் எமனுக்குக் காது கேட்கும் என்ற பயமும் என்னை விட்டுப் போய்விட்டதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. நேற்று தவிட்டுக் கஞ்சியைக் குடித்துக்கொண்டே சுவரில் இருக்கிற படத்தைப் பார்த்தேன். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த பையன், "யாருங்க அது?" என்று கேட்டான். எங்கம்மா என்றேன். சத்தமாகவே சொன்னேன். இனி யார் காதில் விழுந்தால் என்ன.